புதிய மடிக்கணினியில் தேவையற்ற செயலிகளா? விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவும் முன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: புதிதாக வாங்கிய மடிக்கணினியை முதன்முறை இயக்கும்போதே பல செயலிகள் அதில் இடம்பிடித்திருப்பதைக் காணலாம். வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனைப் பதிப்பு, விளையாட்டுகள், தயாரிப்பு நிறுவனத்தின் துணைச் செயலிகள் ஆகியவை ஆலையிலேயே நிறுவப்படுகின்றன. இவற்றுள் சில, கணினி தொடங்கும்போதே தாமும் இயங்கி அதன் வேகத்தைக் குறைக்கின்றன.

பாதுகாப்புச் சிக்கல்

2014-ஆம் ஆண்டு விற்பனையான சில லெனோவோ மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் இடம்பெற்றிருந்தது. பயனரின் மறையாக்கப்பட்ட இணையத் தொடர்பிலும் அது குறுக்கிட்டது 2015 பிப்ரவரியில் அம்பலமானது. இது தொடர்பான குற்றச்சாட்டுகளில், 2017-இல் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையத்துடன் அந்நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

'ரீசெட்' போதுமா?

விண்டோஸில் உள்ள 'ரீசெட்' வசதியைப் பயன்படுத்தினால், தயாரிப்பு நிறுவனம் சேர்த்த செயலிகளும் திரும்ப வரக்கூடும். மைக்ரோசாஃப்ட் இணையதளத்தில் கிடைக்கும் நிறுவல் கோப்பில் அவை இருப்பதில்லை. எனவே அதைக் கொண்டு புதிதாக நிறுவுவதே முழுமையான தீர்வாகும்.

அழிக்கும் முன்

* கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுக்க வேண்டும். 'டி' டிரைவும் பெரும்பாலும் அதே வட்டின் ஒரு பகுதிதான் என்பதால், எல்லாப் பகுதிகளையும் நீக்கும்போது அதிலுள்ளவையும் அழிந்துவிடும்.

* மடிக்கணினியுடன் எம்எஸ் ஆபீஸ் வழங்கப்பட்டிருந்தால், முதலில் அதைச் செயல்படுத்தி மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்துவிட வேண்டும்.

* வைஃபை, சேமிப்பகம் ஆகியவற்றுக்கான டிரைவர்களைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கி வைக்க வேண்டும். சில மடிக்கணினிகளில் சேமிப்பக டிரைவர் இல்லாவிட்டால், நிறுவும்போது வட்டே திரையில் தெரியாது.

நிறுவும் முறை

குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில், மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் நிறுவல் கோப்பை உருவாக்க வேண்டும். அதில் முன்பிருந்த தரவுகள் அழிந்துவிடும். பின்னர் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, வட்டின் பழைய பகுதிகளை நீக்கி விண்டோஸை நிறுவலாம்.

உரிம எண் கேட்கப்பட்டால் அந்தப் படியைத் தவிர்க்கலாம். விண்டோஸுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளில் உரிம எண் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். முன்பு 'ஹோம்' பதிப்பு இருந்திருந்தால் மீண்டும் அதையே தேர்வு செய்ய வேண்டும். இணையத்துடன் இணைந்ததும் விண்டோஸ் தானாகச் செயல்படத் தொடங்கும். 'டாஸ்' அல்லது லினக்ஸுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு விண்டோஸ் உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும்.

ஓரிரு செயலிகள் மட்டுமே இடையூறாக இருந்தால், இவ்வளவும் தேவையில்லை. 'செட்டிங்ஸ்' பகுதியிலேயே அவற்றை நீக்கிவிடலாம்.