பழைய ஸ்பேனரை எடைக்குப் போடலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்துத் தோட்டங்களில் கமலைக்குப் பின் ஆயில் இஞ்சின் வந்தது. அதன் பின் மின் மோட்டார் வந்தது. 1990-ல் விவசாய மின்சாரம் இலவசமான பிறகு, இஞ்சின்கள் பல கொட்டகை மூலைக்குப் போய்விட்டன. பழைய இரும்பு வியாபாரி வாசலில் வந்து நின்றால், முதலில் தராசில் ஏறுவது இஞ்சினுடன் வந்த ஸ்பேனர்கள்தான். அவசரப்பட வேண்டாம். இஞ்சின் இருக்கும்வரை அதன் ஸ்பேனரும் இருக்க வேண்டும்.

காரணம் அளவு. இங்கிலாந்து லிஸ்டர் கம்பெனியின் பழைய இஞ்சின்களிலும், அவற்றைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகளில் செய்தவற்றிலும் விட்வொர்த் மரை உண்டு. ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த அளவு இது. இந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலமல்ல, போல்ட்டின் குறுக்களவு. பழைய முறைப்படி 1/2 அங்குல போல்ட்டின் நட்டு சுமார் 23.4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இன்றைய 23 ஸ்பேனர் அதில் ஏறாது. 24 ஏறும், ஆனால் ஆடும். துருவேறிய நட்டை அதனால் திருப்பினால் முனை மழுங்கிவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான்! மில்லிமீட்டர் போல்ட்டை அந்தத் துளையில் வலிந்து ஏற்றுவதும் தவறு. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60 டிகிரி. மரை அறுந்து போகும்.

அடுத்தது, ஸ்பேனரிலுள்ள பெயர். அந்நாள் கம்பெனிகள் பல, வார்க்கும்போதே தம் பெயரையும் உறுப்பு எண்ணையும் ஸ்பேனரில் எழுப்பிவிட்டன. பெயர்ப் பலகை உதிர்ந்த இஞ்சின் யார் செய்தது என்று கண்டறிய இது உதவும். ஃபெர்குசன் டிராக்டரின் ஸ்பேனர் இன்னும் சாமர்த்தியமானது. சுமார் 10 அங்குல நீளமுள்ள அதுவே கலப்பையைச் சரிசெய்யும் அளவுகோலாகவும் பயன்பட்டது.

நம் நாட்டில் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1903-ல் இரும்புக் கலப்பை செய்தபோது, இரும்பு பட்டால் நிலம் கெடும் என்று விவசாயிகள் வாங்கத் தயங்கினார்கள். அந்தக் குடும்பத்தின் ஆயில் இஞ்சின் கம்பெனி 1946-ல் பூனாவில் தொடங்கியது. இத்தகைய பழைய பெயர்கள் கொண்ட ஸ்பேனர்களை இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளில் தேடிச் சேர்ப்போர் உண்டு. அந்த விலையை நம்பி இங்கே அலைய வேண்டியதில்லை. ஆனால் பெயர் தெரியும் ஸ்பேனரைக் கிலோ விலைக்குத் தள்ளுவதும் சரியல்ல.

மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி பகுதிகளில் உப்புக் காற்று இரும்பை விரைவில் தின்னும். ஸ்பேனரை ஒரு நாள் டீசலில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்க்கவும். சாணைக்கல்லில் பிடித்தால் பெயர் அழிந்துவிடும். துடைத்தபின் கழிவு ஆயில் தடவி, ஆயில் தோய்ந்த துணியில் சுற்றி வைக்கவும். சாக்குப்பை கூடாது, அது ஈரத்தை இழுக்கும். வார்ப்பு ஸ்பேனரில் குழாய் செருகி நெம்ப வேண்டாம்; வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இறுகிய நட்டில் முதல்நாள் இரவே டீசல் விட்டு வைத்தால் காலையில் எளிதில் கழலும்.