துலாக்கோல் ஏந்தும் கை: நெல் கொள்முதல் எழுத்தரின் பணியும் ஊதியமும்

முன்னுரை

வயலில் விளைந்த நெல் உண்பவர் இலையைச் சேருமுன் பலர் கைகளைக் கடந்து வருகிறது. அக்கைகளுள் ஒன்று, தராசின் முன் நின்று எடை பார்த்துப் பட்டியல் எழுதும் கை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தரின் கை அது. உழவரைப் பற்றி நிறையப் பேசியிருக்கும் நாம், அவருக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் இந்த எழுத்தரைப் பற்றி அதிகம் எண்ணியதில்லை. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் பலர் இப்பணிக்கு விண்ணப்பிக்கின்றனர். பணியின் இயல்பு யாது, ஊதியம் எவ்வளவு, எதிர்காலம் உண்டா, பிற மாநிலங்களில் நிலை எப்படி என்பவற்றை அவர்கள் அறிந்து செல்லுதல் நலம். அவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுவோம்.

பணியின் இயல்பு

இந்திய உணவுக் கழகம் 1965-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள் தொடங்கப்பெற்றபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில்தான் அமைந்தது. காவிரிப் படுகைக்குக் கிடைத்த பெருமை அது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றிற்று. 2002 அக்டோபர் முதல், பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தின்கீழ் மாநிலத்தில் நெல் கொள்முதலை இக்கழகமே நடத்தி வருகிறது.

ஒரு நிலையத்தில் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் ஆகியோர் இருப்பர். சுமைதூக்கும் தொழிலாளர் குழுவும் உண்டு. உழவர் கொணரும் நெல்லின் ஈரப்பதத்தைக் கருவியால் அறிதல், பதரும் தூசும் நீக்குவித்தல், 40 கிலோ கொண்ட சிப்பங்களாக எடையிடுவித்தல், உழவரின் ஆவணங்களைச் சரிபார்த்துப் பட்டியல் இடுதல், சாக்கு இருப்பைப் பேணுதல், லாரியில் ஏற்றி அனுப்பிக் கணக்கு முடித்தல் ஆகிய அனைத்துக்கும் எழுத்தரே பொறுப்பாளர். பெயர் எழுத்தர், பொறுப்போ கிடங்கு மேலாளருடையது எனலாம்.

ஊதியமும் நிலைபேறும்

இப்பணிகள் பெரும்பாலும் பருவகாலப் பணிகளே. குறுவை, சம்பா, தாளடி அறுவடைக்கேற்ப நிலையங்கள் திறக்கப்படுகின்றன. வரத்து ஓய்ந்ததும் மூடப்படுகின்றன. எழுத்தருக்கு இளங்கலை அறிவியல் பட்டமும், உதவுபவருக்கு மேல்நிலைக் கல்வியும், காவலருக்கு எட்டாம் வகுப்பும் தகுதிகளாகக் கேட்கப்பெற்றன. 2022-ஆம் ஆண்டின் மாவட்ட அறிவிப்புகளில் எழுத்தரின் அடிப்படை ஊதியம் 5,285 ரூபாய். உதவுபவர், காவலர் ஆகியோருக்கு 5,218 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தும் எழுத்தரின் மாத வருவாய் அன்று ஒன்பதாயிரம் ரூபாயை எட்டவில்லை. பட்டம் பெற்று, நிலையம் முழுவதற்கும் பொறுப்பேற்பவருக்கும் வாயிலைக் காப்பவருக்கும் இடையே அடிப்படை ஊதியத்தில் இருந்த வேறுபாடு 67 ரூபாய்!

அரசு அலுவலகத்து இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரசு நிறுவனங்களின் நிரந்தரப் பணியிடங்களையும் தேர்வாணையத்தின் வழியே நிரப்ப 2022-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, நிரந்தர எழுத்தர் பணியை நாடுவோர்க்குப் போட்டித் தேர்வே வாயில். பருவகாலப் பணியில் சேர்ந்தால் நாளடைவில் நிரந்தரமாகிவிடலாம் என்னும் நம்பிக்கையை மட்டும் கைக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பது அறிவுடைமை ஆகாது.

நீரின் கணக்கு

ஊதியக் குறைவினும் கடுமையான இடர் ஒன்று இப்பணியில் உண்டு. அஃது எடை இழப்பு. கொள்முதல் விதிப்படி நெல்லில் 17 விழுக்காடு வரை ஈரம் இருக்கலாம். பருவமழை கெடுத்த ஆண்டுகளில் மத்திய அரசின் ஒப்புதலோடு இவ்வரம்பு தளர்த்தப்பட்டதும் உண்டு. வாங்கிய நெல் வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் நீர் வற்றும், எடை குறையும். இதில் எவர் குற்றமும் இல்லை. இயற்கையின் நியதி இது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 17 விழுக்காடு ஈரமுள்ள 40 கிலோ சிப்பத்தில் 6.8 கிலோ நீர், எஞ்சிய 33.2 கிலோவே உலர்பொருள். அந்நெல் 14 விழுக்காட்டு ஈரத்துக்கு உலர்ந்தால் சிப்பத்தின் எடை ஏறத்தாழ 38.6 கிலோவாகும். சிப்பத்துக்கு 1.4 கிலோ குறைந்துவிட்டது. ஆயிரம் சிப்பங்கள் தேங்கிக் கிடந்தால் 14 குவிண்டால் குறையும். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லுக்கு, மாநில ஊக்கத்தொகை உட்பட, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலை. ஆக, காற்றில் கரைந்த நீரின் மதிப்பு 35,000 ரூபாய்! மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டு ஊதியத்தில் இஃது ஏறத்தாழ நான்கு மாத வருவாய்.

இழப்பில் ஓரளவை விதிகள் ஏற்கின்றன. அதற்கு மேற்பட்டது பணியாளர் தலையில் விழுகிறது. லாரி வரத் தாமதமானாலும், கிடங்கில் இடமில்லாமற் போனாலும், மழை பெய்தாலும் கையெழுத்திட்டவரே விடை சொல்ல வேண்டும். இவ்விழப்புத் தொகையை எங்களிடம் பிடிக்கலாகாது என்பது பணியாளர் சங்கங்களின் நெடுநாளைய கோரிக்கை.

மறுபுறம், சிப்பத்துக்கு இவ்வளவு என்று தம்மிடம் பணம் பெறப்படுவதாகவும், எடை கூடுதலாகப் பிடிக்கப்படுவதாகவும் உழவர் சங்கங்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றன. இவ்விரு முறையீடுகளையும் தனித்தனியே கேட்கும் நாம், சேர்த்துக் கேட்கத் தவறிவிடுகிறோம். குறைந்த ஊதியம் தந்து, இயற்கையின் இழப்பையும் சுமத்தினால், எழுத்தர் அதனை எங்கேனும் இறக்கி வைக்கவே முயல்வார். இறுதியில் அதைச் சுமப்பவர் உழவர். இதனைச் சொல்வதால் கையூட்டு நியாயமாகிவிடாது. அதன் ஊற்றுக்கண் எங்கே என்பது மட்டும் விளங்கும்.

பிற மாநிலங்களில்

பஞ்சாபில் கொள்முதலின் அமைப்பே வேறு. அங்கு உழவர் தம் நெல்லையும் கோதுமையையும் மண்டிக்குக் கொண்டு செல்வர். ஆர்த்தியா எனப்படும் தரகு வணிகர் அதனைத் தூற்றி, எடையிட்டு, அரசு முகமைகளுக்கு ஒப்படைப்பார். அதற்குத் தரகு பெறுவார். அவர் கடையில் கணக்கெழுதுபவர் முனீம். முனீமின் ஊதியத்தை அரசு வகுப்பதில்லை; கடைக்காரரோடு பேசிக்கொள்வதே அளவு. எனினும் ஏப்ரலில் கோதுமையும் அக்டோபரில் நெல்லும் வருவதாலும், கடையின் கொடுக்கல் வாங்கல் ஆண்டு முழுவதும் நடைபெறுவதாலும் அவருக்கு வேலை தொடர்கிறது. நெல்லும் மண்டியிலிருந்து அரவை ஆலைகளுக்குச் சென்றுவிடுகிறது.

சத்தீசுகரில் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களே நெல்லை வாங்குகின்றன. 2023-24 பருவத்தில் குவிண்டாலுக்கு 3,100 ரூபாய் விலை தந்து, ஏக்கருக்கு 21 குவிண்டால் வரை அம்மாநிலம் வாங்கியது. உழவருக்கு நல்ல விலை கிடைத்தது. ஆயினும் சங்க ஊழியர், கணினி இயக்குநர் ஆகியோரின் குறைகள் நம்மவர் குறைகளையே ஒத்திருக்கின்றன. பருவம் கடந்த மாதங்களின் ஊதியம், நெல் உலர்வதால் நேரும் இழப்பு ஆகிய இரண்டும் அவர்களின் கோரிக்கைகளில் இடம்பெற்று வந்துள்ளன. இவ்வுலர்விழப்பை அவர்கள் ‘சூகத்’ என்பர். மொழி வேறாயினும் துயர் ஒன்றே.

ஒடிசாவில் கூட்டுறவுச் சங்கங்களோடு மகளிர் சுயஉதவிக் குழுக்களும் கொள்முதலில் ஈடுபடுகின்றன. எடையிடலும் பதிவேடும் பெண்கள் கையில். அவர்களுக்கு மாத ஊதியம் இல்லை. வாங்கும் அளவுக்கேற்பத் தரகு கிடைக்கிறது.

இவற்றை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். பணியின் நன்மை தீமையை நெல்லின் விலை தீர்மானிப்பதில்லை. ஆண்டில் எத்தனை மாதம் வேலை, ஊதியம் தருபவர் யார், உலர்விழப்பை ஏற்பவர் யார் என்னும் மூன்றுமே தீர்மானிக்கின்றன.

அளவையும் அறமும்

அளவை நேர்மையை நம் மரபுகள் அனைத்தும் வலியுறுத்துகின்றன. வள்ளுவப் பேராசான் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாக்கினார். திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயம், அளவையில் மோசம் செய்வோரைக் குறிக்கும் ‘அல்முதஃப்பிஃபீன்’ என்பதனையே பெயராகக் கொண்டுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்தபோது அதனுள் கையைவிட்டு ஈரத்தைக் கண்டார்கள். மழையால் நனைந்தது என்று விற்பவர் கூற, நனைந்ததை மேலே வைத்து மக்கள் காணச் செய்திருக்கலாகாதா என்னும் கருத்தில் அவரைக் கடிந்துகொண்டார்கள் என்பது நபிமொழித் தொகுப்பில் காணும் செய்தி. ஈரத்தை மறைப்பது குற்றம். வெளிப்படையாகக் காட்டுவதே அறம்.

இவ்வறம் விற்பவருக்கு மட்டும் உரியதன்று. வாங்குபவரும் ஈரத்தை வெளிப்படையாகக் கணக்கிட வேண்டும். வாங்கும் நாளில் கண்ட ஈரமும், அனுப்பும் நாளில் கண்ட ஈரமும் பதிவேட்டில் இருந்தால், குறைந்த எடையில் நீர் எவ்வளவு, திருட்டு எவ்வளவு என்பது தானே தெரிந்துவிடும். நீரின் பங்கை நிறுவனம் ஏற்கட்டும். மற்றதற்கு எழுத்தர் விடை சொல்லட்டும். ஊதியமும் ஓர் அளவையே. முழு உழைப்பைப் பெற்றுக்கொண்டு குறைந்த கூலி கொடுப்பதும் அளவையில் குறை செய்தலேயாகும்.

நிறைவுரை

இப்பணிக்குச் செல்லும் மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவன சில. பணி ஆணையில் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். இழப்புப் பற்றிய விதியைப் படித்துணர்ந்த பின்னரே கையெழுத்திடுங்கள். நாள்தோறும் ஈரப்பத அளவைக் குறித்து வையுங்கள். லாரி கேட்டு எழுதிய கடிதத்தின் படியைப் பாதுகாத்து வையுங்கள். நேர்மையாளருக்கு ஏடே கேடயம். வேலையில்லாத மாதங்களைப் போட்டித் தேர்வுக்குப் பயன்படுத்துங்கள். இருப்புக் கணக்கும் தரம் காணும் பழக்கமும் ஆலைகளிலும், கிடங்குகளிலும், நம் இளைஞர் பலர் சென்று பணியாற்றும் வளைகுடா நாட்டு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகளிலும் பயன்தரும் கல்வியே.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நிலையத்தில் குறை கண்டால் எழுத்தரை ஏசுவதோடு அமையாமல், அவர்தம் ஊதியத்தையும் இழப்புச் சுமையையும் குறித்து உரியவரிடம் கேளுங்கள். தராசின் ஒரு தட்டில் உழவரும் மறு தட்டில் எழுத்தரும் நிற்கின்றனர். இருவருக்கும் நீதி கிடைத்தால்தான் முள் நேராக நிற்கும். அந்நிலை விரைவில் வாய்க்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!