பேயா, ஹாலோகிராமா? மரக்காணத்தில் ஒரு பட்டிமன்றம்

தமிழ்நாட்டில் கட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொடி, கோஷம், வட்டச் செயலாளர் எதுவுமே இல்லாமல் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு கட்சிச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. கணேஷ் கட்சி, வசந்த் கட்சி. தேர்தல் அறிக்கை ஒரே வரிதான். அந்த வீட்டில் நடமாடியது பேயா, இல்லையா?

1981ல் குமுதத்தில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ தொடராக வந்தபோது ஆரம்பித்தது இது. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பூர்வ கதை. வக்கீல் கணேஷ் 1968ல் ‘நைலான் கயிறு’ கதையிலேயே வந்துவிட்டார். ஜூனியர் வசந்த் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவன். 1978ல் ‘ப்ரியா’ சினிமாவானபோது கணேஷாக நடித்தவர் சாட்சாத் ரஜினிகாந்த். அதாவது ‘கொலையுதிர் காலம்’ தொடங்கும்போதே இந்த இருவரும் வாசகர்களுக்கு வீட்டுக்கு வந்து போகும் தூரத்து உறவு மாதிரி. வசந்த் பெண்களைப் பார்த்து வழிவான், கணேஷ் ‘டேய்’ என்பார். பிணம் விழும். கடைசி அத்தியாயத்தில் யார், எப்படி, ஏன் என்று கணேஷ் பிரித்து வைப்பார். வாசகன் நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போவான். இது எழுதப்படாத ஒப்பந்தம்.

‘கொலையுதிர் கால’த்தில் அந்த விளக்கை அணைக்க முடியவில்லை. சொத்துக்கு வாரிசான லீனா, அவள் சித்தப்பா குமார வியாசன், ஆளரவமற்ற பண்ணை வீடு, ராத்திரியில் ஒரு பெண் உருவம், கொலைகள். (யார் செய்தது என்று இங்கே சொன்னால் எனக்கு நரகம் நிச்சயம்.) கணேஷ் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானத்தில் விடை தேடுகிறார். லேசர், ஹாலோகிராம் என்று விளக்கமும் வருகிறது. வசந்துக்குத் திருப்தி இல்லை. அது பேயாக ஏன் இருக்கக்கூடாது என்கிறான். சுஜாதா? இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

ஹாலோகிராம் என்றால் அன்றைக்குப் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருள் மேல் பட்டுத் திரும்ப வைத்து, இன்னொன்றை நேராக அனுப்பி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஏற்படும் கோலத்தைத் தகட்டில் பதிவு செய்கிறார்கள். அப்புறம் சரியாக வெளிச்சம் பாய்ச்சினால் பொருள் இல்லாமலே பொருள் தெரியும், நீளம், அகலம், ஆழத்தோடு. டென்னிஸ் காபர் என்பவருக்கு 1971ல் நோபல் பரிசு வாங்கித் தந்த வித்தை. இன்றைக்கு ஏ.டி.எம். கார்டு முதல் டாஸ்மாக் பாட்டில் மூடி வரை ஹாலோகிராம் ஸ்டிக்கர் மின்னுகிறது. (பாட்டிலைத் திறந்த பிறகு தெரியும் உருவங்களுக்கு காபர் பொறுப்பல்ல.)

இந்தச் சண்டை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் கண்டுபிடித்த இடம், சத்தியமாக எந்த நூலகமும் இல்லை. மரக்காணம்.

உப்பு விலை பற்றி எழுதலாம் என்று கிளம்பினேன். பி.காம். படித்தவனுக்கு விலை, வரவு, செலவு இதிலெல்லாம் தனி ருசி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே ஒரு மணி நேர பஸ். சாலையோரத்தில் கண்ணுக்கெட்டிய வரை பாத்திகள். பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் சோழர் காலத்திலேயே இங்கே உப்பளம் இருந்த சங்கதி இருக்கிறது. ஒரே தொழிலில் ஆயிரம் வருஷம் சர்வீஸ் போட்ட ஊர்!

நான் போனது ஐப்பசி மழையில். புத்திசாலித்தனம் பாருங்கள், அப்போது உப்பே கிடையாது. தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து, தண்ணீரைக் கட்டி, வெயில் காயக் காய வாரிக் குவிப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தி குளமாகிவிடும். மூன்று மாசம் வேலை இல்லை, கூலியும் இல்லை. குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

உட்கார்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? படிக்கிறார்கள். உப்பளக் கணக்கர் ஒருவரின் கொட்டகையில், பேரேடுகளுக்கு நடுவே கனத்த பைண்டு புத்தகம் ஒன்று. 1981ல் வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த ‘கொலையுதிர் காலம்’. நம் வீடுகளில் ஒரு காலத்தில் அத்தனை தொடர்கதையும் இப்படித்தானே குடும்பச் சொத்தாச்சு? ஒரு பக்கம் கொலை, மறுபக்கம் பாதி ஜோக்கும் பாதி வத்தக்குழம்பும்.

கடைசியில் பைண்டர் ஒட்டிய வெள்ளைத் தாள்கள் நாலு. அதில்தான் புதையல். படித்தவர்கள் எல்லாம் அபிப்பிராயம் எழுதியிருக்கிறார்கள். நீல மை, பென்சில், ஜெல் பேனா என்று மூன்று தலைமுறை.

‘நான் வசந்த் கட்சி. எங்க தாத்தா நேர்ல பாத்திருக்காரு.’

‘கணேஷ் சொல்றதுதான் சயின்ஸ். மத்ததெல்லாம் உடான்ஸ்.’

‘ராத்திரி படிக்காதீங்க. இப்படிக்கு, அனுபவஸ்தன்.’

‘ரத்தம் ஜாஸ்தி. கணேஷ் வசந்த் கதையில் இவ்வளவு தேவையில்லை. குழந்தைகள் இருக்கிற வீடு.’ (கையெழுத்தைப் பார்த்தால் டீச்சர்.)

‘முடிவு எங்கே? கடைசிப் பக்கத்தைக் கிழித்தவன் எவன்?’

அதற்குக் கீழே கணக்கரின் சிவப்பு மை: ‘யாரும் கிழிக்கவில்லை. முடிவே இவ்வளவுதான்.’

பழக்கதோஷம், உட்கார்ந்து எண்ணினேன். வசந்துக்குப் பதினொன்று, கணேஷுக்கு ஒன்பது, செல்லாத ஓட்டு நாலு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ள மனிதர் சுஜாதா. அவர் கதைக்கே மரக்காணத்தில் வாக்குச்சீட்டுத் தேர்தல்!

உப்புக் குவியலுக்குக் காவல் இருக்கும் பெரியவர் தீவிர வசந்த் கட்சி. கழுவேலி ஏரிப் பக்கம் கொள்ளிவாய்ப் பிசாசைக் கண்ணால் பார்த்தவராம். சதுப்பில் மக்கிய குப்பையிலிருந்து வரும் வாயு எரிந்தால் அப்படித் தெரியும் என்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“காஸுன்னா அமாவாசைக்கு மட்டும் இன்னாத்துக்குத் தம்பி தெரியணும்?”

“மத்த நாள்ல நிலா வெளிச்சம்ல அத அமுக்கிடும்” என்றார் கணக்கர், பேரேட்டிலிருந்து தலை நிமிராமலே. அவர் கணேஷ் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

இதுவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. கொட்டகை வாசலில் ஒதுங்கி நின்ற ஒரு அம்மா பேச ஆரம்பித்தார். பாத்தியில் உப்பு வாருகிறவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பைண்டை இரண்டு தடவை முடித்தவர், ஆனால் வெள்ளைத் தாளில் எதுவும் எழுதவில்லை.

“ஏன்க்கா எழுதல? பிடிக்கலியா?”

“ரத்தம் கித்தம்லாம் எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. முடிவுதான் ஆத்திரமா வந்துச்சி.”

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்குப் பதிமூன்று வயசிருக்கும்போது, கட்டிக்கொடுத்த ஊரில் அவர் அக்கா கிணற்றில் கிடந்தாராம்.

“மோகினி அடிச்சிட்டுதுன்னாங்க. கழுத்துல ரெண்டு பக்கமும் கன்னிப் போயிருந்திச்சி. நான் பாத்தேன். சின்னப் பொண்ணு, ஒனக்கு இன்னா தெரியும்னு வாயை அடைச்சிட்டாங்க. பூசாரி வந்தாரு, போலீசு வர்ல. மூணாம் மாசம் மாமா வேற கல்யாணம் பண்ணிக்கினாரு.”

கொட்டகையில் மழைச் சத்தம் மட்டும்தான்.

“படிச்ச வக்கீலு ரெண்டு பேரு அந்த வூட்டுக்கு வர்றாங்க இல்ல? எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? சரி, இனிமே எவனும் பேய் மேல பழி போட முடியாதுன்னு நெனச்சேன். கடைசில அந்தச் சின்னவரு பேயாவும் இருக்கலாம்னுட்டாரு. இத எங்க பூசாரியே சொல்லிட்டாரே!”

“கணேஷ் ஒத்துக்கலையேம்மா” என்றார் கணக்கர்.

“அவுரு ஒத்துக்கல சார். எழுதனவரும் ஒத்துக்கக் கூடாது இல்ல?”

‘கொலையுதிர் காலம்’ பற்றி நான் எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். கதை கொடூரம், கதை பிரமாதம், முடிவு ஏமாற்று, முடிவு புத்திசாலித்தனம் என்று. பேய் என்ற விடை யாருக்கு லாபம் என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து இந்த அக்காதான்.

லண்டனில் இதற்கு நேர் எதிராக ஒரு மனிதர் இருந்தார். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில். 1893ல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்று வாசகர்களின் சாபத்தைச் சம்பாதித்தவர். 1901ல் பாஸ்கர்வில் நாய்க் கதைக்காக ஹோம்ஸை மறுபடி கூட்டி வந்தார். அந்தக் கதையிலும் பரம்பரைச் சொத்து, தனி மாளிகை, சதுப்பு நிலம், நெருப்புக் கக்கும் பேய் நாய். (கொள்ளிவாய்ப் பிசாசுக்குச் சீமை ஒன்றுவிட்ட சகோதரன்.) கடைசியில் பார்த்தால் சாதா நாய், முகத்தில் பாஸ்பரஸ் தடவியது. வேடிக்கை என்னவென்றால், டாயிலுக்கு ஆவிகள் மேல் அபார நம்பிக்கை. ஊர் ஊராகப் போய் ஆவி உலகப் பிரசங்கம் செய்தவர். குட்டி தேவதைகளின் போட்டோ என்று இரண்டு சிறுமிகள் காட்டியதை நிஜமென்று நம்பி 1922ல் புத்தகமே எழுதினார். ஆனால் ஹோம்ஸின் வழக்கில் ஆவிக்கு அட்மிஷன் தரவில்லை. நம் ஆளோ எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர், பாமரனுக்கும் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர். அவர்தான் பேய்க்காகக் கதவை ஒருக்களித்து வைத்தார்.

ஏன் வைத்தார்? என் பி.காம். மூளைக்கு எட்டிய பதில் ஒன்று இருக்கிறது. ட்ரயல் பேலன்ஸில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி ஒரு தலைப்பில் போடுவோம். அதன் பெயர், சிரிக்காதீர்கள், சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பிழை கிடைக்கும் வரை வேலை நிற்காமல் ஓடுவதற்காக. சுஜாதா அந்தப் பேயைச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டார். கணேஷின் விடையில் மிச்சம் வந்ததை மறைக்காமல், மிச்சம் இருக்கிறது என்று வசந்த் வாயால் சொல்ல வைத்தார். ஒரு கதைக்காரருக்கு அந்த உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். எல்லாம் ஒத்துப்போயிருந்தால் இந்த பைண்டுக்கு வெள்ளைத் தாளே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் என் வாத்தியார் சொன்ன இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. சஸ்பென்ஸ் அக்கவுண்டை நிரந்தரமாக வைத்திருக்கிற கம்பெனியில் யாரோ திருடுகிறான் என்று அர்த்தம். கதைக்கு ஆடிட்டர் வேண்டாம், அந்தக் கிணற்றுக்கு வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே மோகினி விடையாக வந்தால் அந்த அக்காவுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

ஓட்டு எண்ணிக்கையைத் திருத்தச் சொன்னேன். கணேஷுக்கு என்னுடையதைச் சேர்த்துப் பத்து. அக்காவுடையதையும் எழுதட்டுமா என்று கணக்கர் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

மழை விட்டிருந்தது. கணக்கர் அலமாரியைத் துழாவி ‘நைலான் கயிறு’ பழைய பிரதி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அக்கா வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீ படிச்சிருக்கியா தம்பி? இதுல பேய் இல்லியே?”

“இல்லக்கா. கொலை மட்டும்தான்.”

“அப்ப குடு” என்று வாங்கி, முந்தானையில் சுற்றிக்கொண்டு பாத்தி வரப்பில் இறங்கிவிட்டார்.