மேரியோ பாப்பா கேமா?

‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் புவியீர்ப்பு இரண்டு வகை. குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, மேலே போகிற மேரியோவை இலேசான ஈர்ப்பு ஒன்று இழுக்கும். விரலை எடுத்தாலோ, உச்சிக்குப் போய்த் திரும்பினாலோ, அதைப்போல மூன்றரை மடங்கு ஈர்ப்பு வந்து கீழே தள்ளும். இது நின்ற இடத்திலிருந்து எம்பும்போது உள்ள கணக்கு. ஓடிவந்து குதித்தால் எண்கள் கொஞ்சம் மாறும். காளான் தின்று வளர்ந்த மேரியோவின் உயரத்தை 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விழும்போது அவரை இழுக்கிற விசை பூமியில் நம்மை இழுப்பதைப்போல எட்டு மடங்கு. அந்த ஊருக்குப் போனால் நம்மால் எழுந்து நிற்கவே முடியாது.

நிஜ இயற்பியலை அப்படியே போட்டிருந்தால் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமாகிவிடும். உச்சியைத் தொட்ட பிறகு ஆடுகிறவருக்குப் பெரிதாக வேலை இல்லை; இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பைக் கத்தரித்துவிட்டு, எவ்வளவு உயரம் போவது என்பதை விரல் எடுக்கும் கணத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஷிகெரு மியாமோட்டோவும் அவர் குழுவினரும். 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த அந்த ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிது.

இவ்வளவு நுணுக்கம் இருந்தும் மேரியோ வகையறாவுக்குக் கிடைத்த பட்டம் ‘பாப்பா கேம்’. கள்ளக்குறிச்சியில் அக்கா வீட்டுப் பரணிலிருந்து பழைய டிவி கேம் பெட்டியை இறக்கி வைத்தபோது, செல்போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டத்தில் ஊறிப்போன அக்கா மகன் சொன்னதும் அதேதான். “மாமா, இதெல்லாம் பாப்பா ஆடுறது.” சொன்னவன் முதல் ஸ்டேஜிலேயே, வாயைப் பிளந்து கிடக்கும் முதல் பள்ளத்தில் விழுந்தான். பட்டனைப் படக்கென்று தட்டிவிட்டு விரலை எடுத்துவிட்டான். மேரியோ பாதிக் குதியில் சரிந்தார். செல்போன் திரையைத் தடவிப் பழகிய கட்டைவிரலுக்குப் ‘பிடித்திருப்பது’ என்ற வேலையே புதிது. மறுபடி விழுந்தான். “இரு மாமா, இன்னொரு தடவ” என்றான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

டிவியில் இணைத்து, குடும்பமாக உட்கார்ந்து ஆடுகிற, ரத்தமும் துப்பாக்கியும் இல்லாத குதித்தோடும் ஆட்டங்கள் தீவிரமாக ஆடுகிறவர்களுக்கு இன்னும் தீனி போடுகின்றனவா? உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு உண்டு.

நிண்டெண்டோவின் அசல் பெட்டியைக் கள்ளக்குறிச்சியில் பார்த்தவர்கள் அபூர்வம். நமக்கு வந்ததெல்லாம் நகல் பெட்டிகள், அவற்றோடு ‘99999 இன் 1’ என்று பீற்றிக்கொள்ளும் மஞ்சள் கேசட்டுகள். பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். உள்ளே இருப்பது என்னவோ கொஞ்சம் ஆட்டங்கள்தான், அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். 2006இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியதும், 14 அங்குல டிவி கல்வராயன் மலையில் இருக்கும் ஊர்கள்வரை போய்ச் சேர்ந்தது. டிவி வந்துவிட்டால், சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த கேம் பெட்டி வர எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த டிவியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். நம்முடைய ‘பால்’ (PAL) வகை டிவி 50 முறைதான். நமக்கு வந்த நகல் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த 50க்கு ஏற்ப ஆக்கப்பட்டவை. ஆட்டமோ ஒவ்வொரு படத்துக்கும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும், இத்தனை புள்ளி நகர வேண்டும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. விளைவு, எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடியது. பாட்டுகூட இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஈர்ப்பு, நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது சுமார் 30 சதவீதம் குறைந்துபோனது. குதியின் உயரம் மாறவில்லை. காற்றில் இருக்கும் நேரம்தான் நீண்டது. உச்சிக்குப் போக ஜப்பானியச் சிறுவனுக்கு அரை நொடிக்குச் சற்று மேல் ஆனால், நம் ஊர்ச் சிறுவனுக்கு 0.64 நொடி. கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்குக் கால் நொடியை ஒட்டி ஆகிறது என்பதைப் பார்த்தால், இந்த உபரி சின்ன விஷயம் இல்லை. நம்மில் பலர் சின்ன வயதில் மேரியோவில் புலியாக இருந்ததற்கும், இன்று அசல் வேகத்தில் ஆடும்போது ‘என்னடா இப்படி ஓடுது’ என்று திணறுவதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம்.

வேகத்தில் கிடைத்த சலுகையை மின்வெட்டு பறித்துக்கொண்டது. அந்தக் கேசட்டில் விட்ட இடத்தைச் சேமிக்க வழி இல்லை. ஏழாவது உலகம்வரை போய் நிற்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். 2012இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் கோடை நினைவிருக்கும். கடைசிக் கோட்டையில் நெருப்புத் துப்பும் பவுசரைவிடப் பெரிய வில்லன் மின்வாரியம்தான். ஆட்டத்தை ஒருமுறை முடித்தால் அது இரண்டாவது சுற்றாக, சாதாரணக் காளான் எதிரிகளுக்குப் பதில் நெருப்புக்கும் அசராத வண்டு எதிரிகளோடு, கடினமாகத் திரும்பத் தொடங்கும். அதை மின்வெட்டு நம்மில் பலர் கண்ணிலேயே காட்டவில்லை.

அந்த இரண்டாவது சுற்றில்தான் குடும்ப ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு ஆட்டம். 2019இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, சில வகைக் கற்றல் மாதிரிகளில் நூற்றுக்குச் சுமார் 16 தவறு நேரும் அளவுக்குக் கடினம் இருந்தால் கற்றல் மிக வேகமாக நடக்கிறது என்று கணக்கிட்டது. அதை அப்படியே தூக்கிக் குதிக்கிற ஆட்டத்தில் பொருத்திவிட முடியாது. ஆனால் தவறே நேராத இடத்திலும், தவறு மட்டுமே நேருகிற இடத்திலும் மூளை சோர்ந்துபோகும் என்பதைக் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த எல்லோரும் அறிவார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குச் சரியான அந்த அளவு, இருபது வருடம் ஆடியவருக்குத் தூக்கம் வரவழைக்கும். ஒரே ஸ்டேஜை இருவருக்கும் கொடுப்பது எப்படி?

2009இல் வந்த ‘நியூ சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீ’ நேரடியாக ஒரு விடை சொன்னது. ஒரே ஸ்டேஜில் எட்டு முறை செத்தால் பச்சைக் கட்டி ஒன்று தோன்றும். அதை முட்டினால் மேரியோவின் தம்பி லூயிஜி வந்து எப்படிப் போவது என்று ஆடிக் காட்டுவார். இது குழந்தைக்கு. அதே ஸ்டேஜில் எளிதில் எட்டாத இடங்களில் மூன்று பெரிய நாணயங்கள் கிடக்கும். அவை தீவிரக்காரருக்கு. இது பழைய உத்திதான், ஆனால் இன்றுவரை ஓடுகிறது.

இன்னொரு விடை கண்ணுக்கே தெரியாது. 2018இல் வந்த ‘செலஸ்ட்’ கடினத்துக்குப் பெயர்போன ஆட்டம். அதில் பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் 0.1 நொடிக்குள் பட்டனை அழுத்தினால் குதி ஏற்கப்படும். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டியும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் ஓடுகிற கயோட்டி என்ற ஓநாய் வகை விலங்கை நினைத்து இதைக் ‘கயோட்டி நேரம்’ என்கிறார்கள். தரையைத் தொடுவதற்கு ஓர் இமைப்பொழுது முன்பே அழுத்திவிட்டாலும் மன்னித்து, தொட்ட உடனே குதிக்க வைக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே நரம்பும் டிவியும் தின்கிற தாமதத்தை ஆட்டம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. குழந்தை இதனால் பிழைக்கும். கைதேர்ந்தவரோ அந்த 0.1 நொடியையே கருவியாக்கி இன்னும் தூரம் தாவுவார். மன்னிப்பும் கடினமும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

பொம்மைத்தனமான தோற்றத்துக்கும் வேலை இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரசித் துபே, புல்கித் அகர்வால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018இல் சிறிய குதித்தோடும் ஆட்டம் ஒன்றை எழுதினார்கள். ஏணி ஏணியாகவும், சாவி சாவியாகவும், முள் முள்ளாகவும் தெரிந்தபோது ஆட்களுக்கு அதை முடிக்கச் சுமார் இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. விதிகளை மாற்றாமல், பார்த்ததும் புரிகிற அந்த அடையாளங்களை எல்லாம் குலைத்துப் போட்டதும் அதே ஆட்டத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஓட்டில் முள் இருக்கிற ஆமையை மிதிக்கக் கூடாது என்று கல்வராயன் மலைப் பிள்ளைக்கும் டோக்கியோ பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் புரிதல் இலவசமாகக் கிடைப்பதால்தான் தீவிரக்காரர் தன் முழுக் கவனத்தையும் வேகத்தில் செலவழிக்க முடிகிறது.

அந்த வேகக்காரர்களின் உலகம் தனி. 1985 மேரியோவை முடிக்க இன்று அவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆவதில்லை. 4 நிமிடம் 55 நொடி என்ற கோட்டை மனிதக் கை முதல்முறை தாண்டியது 2021இல். அங்கே ஒரு விசித்திர விதி உண்டு. ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்தது திறப்பதை ஆட்டம் 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் கவனிக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸைப்போல: ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் அரை மணி முன்னால் வந்தாலும் ஏறப்போவது அதே வண்டியில்தான். ஆகவே ஒரு ஸ்டேஜில் 20 ஃபிரேம் மிச்சம் பிடித்தாலும் பயன் பூஜ்யமாகலாம். 21ஆவதையும் பிடித்தால் 0.35 நொடி லாபம். இந்த ஒரு வண்டியைப் பிடிக்க மாதக்கணக்கில் மெனக்கெடுகிறவர்களிடம் போய், பாப்பா கேம் உங்களுக்குப் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கணிதக்காரர்களும் இதில் மண்டையை உடைத்திருக்கிறார்கள். ஸ்டேஜின் நீளத்துக்கு எல்லை இல்லை என்று வைத்துக்கொண்டால், தரப்பட்ட ஒரு மேரியோ ஸ்டேஜைக் கடக்க முடியுமா முடியாதா என்று தீர்மானிப்பது கணினியியலில் கடினத்துக்குப் பெயர்போன ஒரு வகைக் கணக்குகளைவிட எளிதல்ல என்று எரிக் டெமைன் முதலானோர் 2012இல் காட்டினார்கள். மூளை ஆராய்ச்சியும் உண்டு: பெர்லினில் இரண்டு மாதம், தினம் அரை மணி நேரம் ‘சூப்பர் மேரியோ 64’ ஆடிய பெரியவர்களிடம், இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்ததை 2014இல் வெளியிட்டார்கள். இதைக் காட்டி வீட்டில் ஆட்டத்துக்கு அனுமதி வாங்கப் பார்க்காதீர்கள்; ஆடியவர்கள் பரீட்சையில் நிறைய மார்க் வாங்கினார்கள் என்று அதில் எங்கும் இல்லை.

தீவிரத்தின் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் 2024 வசந்தகாலத்துக்குப் போக வேண்டும். ‘சூப்பர் மேரியோ மேக்கர்’ ஆட்டக்காரர்களே ஸ்டேஜ் கட்டி உலகுக்கு வெளியிட வழி தந்த ஆட்டம். கட்டியவர் தானே ஒருமுறை முடித்துக் காட்டினால்தான் வெளியிட முடிந்தது. அதன் இணைய வசதி 2024 ஏப்ரல் 8 அன்று நிறுத்தப்படும் என்று நிண்டெண்டோ அறிவித்தது. அதற்குள், இதுவரை யாரும் முடிக்காத ஸ்டேஜ்களை எல்லாம் முடித்துவிடுவது என்று ஒரு கூட்டம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. கடைசியில் எஞ்சியது ‘டிரிம்மிங் தி ஹெர்ப்ஸ்’ என்ற இருபது நொடிக்குள் முடிகிற ஸ்டேஜ். இரவு பகலாக மோதினார்கள். அதைக் கட்டியவரே முன்வந்து, நான் கையால் முடிக்கவில்லை, இயந்திரத்தை வைத்து முடித்தேன் என்று ஒப்புக்கொண்டார். கணக்கில் சேராது என்று ஒதுக்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கலாம். விடவில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி, கதவு சாத்த மூன்று நாள் இருக்கையில், ஒருவர் அதைக் கையாலேயே முடித்தார்.

புதிய ஆட்டங்களின் நிலை என்ன? 2024 டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் ஆண்டின் சிறந்த ஆட்டமாக வென்றது, ‘எல்டன் ரிங்’ ஆட்டத்தின் விரிவாக்கத்தையும் ‘பிளாக் மித்: வுகாங்’கையும் பின்னுக்குத் தள்ளிய ‘ஆஸ்ட்ரோ பாட்’. குட்டி ரோபோ ஒன்று குதித்துக் குதித்து ஓடுகிற ஆட்டம். அதற்கு வேண்டிய பிஎஸ்5 கேம் பெட்டி, 2021இல் இந்தியாவுக்கு வந்தபோதே 49,990 ரூபாய். தன் ஸ்விட்ச் பெட்டியை நிண்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதுகூட இல்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் உண்டு. மலையில் சிக்னல் சீராகக் கிடைக்காத இடங்களில் பிஜிஎம்ஐ முக்கி முனகும். இணையமே வேண்டாத இந்த வகை ஆட்டங்கள் அங்கே நன்றாக ஓடும். ஆனால் விலை மலையேற விடாது.

எனக்கு இருக்கிற மனக்குறை வேறு. தயாரிப்பாளர்கள் தீவிரக்காரருக்கான ஸ்டேஜ்களைச் செதுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் கண்ணில் படாத மூலையில் பூட்டி வைக்கிறார்கள். 2017இல் வந்த ‘சூப்பர் மேரியோ ஒடிசி’யின் கடைசிச் சவாலுக்குள் நுழைய 500 நிலாக்களைச் சேர்த்திருக்க வேண்டும். ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வொண்டர்’ 2023இல் எத்தனையோ புதுமைகளோடு வந்தது, ஆனால் முதல் சில மணி நேரம் தாலாட்டுத்தான். அதன் கடைசிச் சோதனை எல்லாவற்றையும் முடித்தவருக்குத்தான் திறக்கும். வேலைக்குப் போய்வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆட உட்காருகிறவர் அதுவரை எதற்குப் பொறுத்திருக்க வேண்டும்? காப்புரிமை பற்றிக் கவலையே படாத அந்த மஞ்சள் கேசட்டுக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பட்டியலில் மேரியோ பல முறை வரும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உலகத்திலிருந்து தொடங்கும். தெரிந்தவர்கள் நேராக எட்டாவதுக்குப் போய்விடுவார்கள், கரண்ட் போவதற்குள்.