பேட்டரி வாங்கும் முன் லோடைக் குறையுங்கள்!

பள்ளி புராஜெக்டுக்காக உங்கள் மகள் மூன்று மணி நேரமாக டைப் செய்து கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. திடீரென்று கரண்ட் போய்விடுகிறது. யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவள் தொடர்ந்து டைப் செய்கிறாள். நான்கைந்து முறை 'பீப்' சத்தம் கொடுத்துவிட்டு யுபிஎஸ்ஸும் நின்றுவிடுகிறது. கடைசியாக எப்போது சேவ் செய்தாள்? அவளுக்கே நினைவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இது நடக்கிறது. அடுத்த நாளே கடைக்குப் போய், "இன்னும் பெரிய பேட்டரி இருக்கிறதா?" என்று கேட்கிறோம். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

யுபிஎஸ் எதற்காக?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குப் பலரும் வாங்குவது 600 விஏ யுபிஎஸ். அதை 600 வாட் என்று எண்ணிவிட வேண்டாம். இவற்றில் பலவற்றின் திறன் 360 வாட்தான். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84 வாட் அவர். மானிட்டரும் சேர்த்து 120 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் இதில் 42 நிமிடம் ஓட வேண்டும்.

ஆனால் ஓடாது. 7 ஆம்பியர் அவர் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுக்கும்போது பேட்டரி அவ்வளவு தராது. பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போதும் கொஞ்சம் வீணாகும். புது பேட்டரியிலேயே 15, 20 நிமிடம் கிடைத்தால் நல்லது. இரண்டு, மூன்று வருடம் ஆன பேட்டரி சில நிமிடங்களிலேயே கைவிட்டுவிடும்.

எனவே யுபிஎஸ் தருவது வேலையைத் தொடர்வதற்கான நேரம் அல்ல. பைலைச் சேவ் செய்து, ஒழுங்காக ஷட் டவுன் செய்வதற்கான நேரம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. அதன் உள்ளிருக்கும் ஹீட்டர் ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் இழுக்கும்.

இன்வெர்ட்டர் கணக்கு

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் மாலையில்தான் வரும் என்றால் யுபிஎஸ் போதாது. அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும். 2012ல் தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்தடை இருந்தபோது இன்வெர்ட்டர் வாங்கிய குடும்பங்கள் ஏராளம்.

12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் 1,800 வாட் அவர் இருக்கிறது. மாற்றத்தில் வீணாவதையும், பேட்டரியை முழுவதும் காலியாக்கக் கூடாது என்பதையும் கழித்து, 1,150 கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது லோடைக் கூட்டுங்கள். 75 வாட் பழைய ஃபேன் இரண்டு: 150. சோக்குடன் 50 வாட் எடுக்கும் பழைய டியூப் லைட் இரண்டு: 100. கம்ப்யூட்டர் 120, இன்டர்நெட் மோடம் 10. மொத்தம் 380 வாட். 1,150ஐ இதனால் வகுத்தால் மூன்று மணி நேரம்.

அதே வீட்டில் ஃபேன்களைப் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் ஒன்றுக்கு 30 வாட் அளவுதான். எல்இடி டியூப் ஒன்றுக்கு 20 வாட் போதும். மொத்தம் 230 வாட். அதே பேட்டரி இப்போது ஐந்து மணி நேரம் வரும்! டெஸ்க்டாப்புக்குப் பதில் 45 வாட் எடுக்கும் லேப்டாப் என்றால் ஏழு மணி நேரத்தையும் தாண்டும்.

இந்த லாபம் மின்தடை நாளோடு முடிவதில்லை. தினம் 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் 45 வாட் குறைந்தால், இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட் மிச்சம். தமிழகத்தில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படி ஒன்றுக்கும் விகிதம் உயர்ந்தது. 520, 530 என்று வந்துகொண்டிருந்த வீட்டுக்கு இந்த 32 யூனிட் சின்ன விஷயமா?

கம்ப்யூட்டரை இன்வெர்ட்டரில் இயக்குவதானால் சைன் வேவ் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் பின்பக்கம் 'யுபிஎஸ் மோட்' ஸ்விட்ச் இருக்கும். அதை ஆன் செய்தால்தான் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாத அளவுக்கு வேகமாக பேட்டரிக்கு மாறும்.

சோலார் இருந்தால் போதுமா?

மாடியில் சோலார் பேனல் வைத்தவர்கள் பலர், கரண்ட் போனாலும் வீடு ஓடும் என்று நினைக்கிறார்கள். மின் வாரிய லைனுடன் இணைந்த, பேட்டரி இல்லாத சோலார் அமைப்பு, மின்தடை வந்ததும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. மின்தடையிலும் சோலார் வேண்டுமென்றால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

* ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது. விண்டோஸில் பவர் செட்டிங்ஸ் சென்று, ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி அமையுங்கள்.

* வேர்ட் தொகுப்பில் பைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று சென்று, ஆட்டோ ரெக்கவர் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 2 ஆக்குங்கள். அதற்காக கன்ட்ரோல் + எஸ் அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

* யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி போர்ட் இருந்தால் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். பேட்டரி தீரும் முன் தானாக ஹைபர்னேட் ஆகும்படி அமைக்கலாம்.

* மாதம் ஒருமுறை எல்லா பைல்களையும் மூடிவிட்டு, யுபிஎஸ் மாட்டியுள்ள சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்து, தேதியுடன் ஒரு தாளில் எழுதி யுபிஎஸ் மீது ஒட்டிவிடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்துவிட்டால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதுவரை, அந்தத் தாளில் உள்ள நிமிடக் கணக்கை உங்கள் மகளிடமும் சொல்லி வையுங்கள். அடுத்த முறை பீப் சத்தம் கேட்டதும் அவள் முதலில் சேவ் செய்வாள்.