மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் பர்ஸைத் திறக்காதீர்கள்

ஜெனீவாவில் பழைய கார் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு கரூஜில் உள்ள வாகன அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் என்றாலே வயிற்றைக் கலக்கும். புதுக் காருக்கு ஐந்து வருஷம் கழித்து முதல் சோதனை, அப்புறம் மூன்று வருஷம், அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. கடிதம் வரும் நேரம் பார்த்துத்தான் டேஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரியும். அது எப்படித்தான் என்று தெரியவில்லை!

அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கை அலட்சியப்படுத்த முடியாது. ஓ.பி.டி. எனப்படும் தன்பரிசோதனை அமைப்பு உள்ள கார்களுக்கு 2013 முதல் சுவிஸில் தனிப் புகைப் பராமரிப்புச் சான்று தேவையில்லை. அந்த வேலையை இப்போது இந்த விளக்குதான் செய்கிறது. ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் 2004 முதல் டீசல் கார்களிலும் இது கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே தடவிப் பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சின்ன ப்ளூடூத் ரீடர் ஒன்றைச் செருகினால் கோளாறு எண் உங்கள் போனிலேயே வந்துவிடும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். எண்ணில் சென்சார் பெயர் வந்ததும் அந்த சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். என் தொழில் சாஃப்ட்வேர். புரோகிராம் எந்த வரியில் நின்றது என்று எரர் மெசேஜ் சொல்லும்; தப்பு அந்த வரியில்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. காரும் அப்படித்தான். "இந்த வயரில் வரும் வோல்டேஜ் எனக்குப் புரியவில்லை" என்றுதான் அது சொல்கிறது. காரணம் சென்சாரா, வயரா, எர்த்தா, பேட்டரியா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தெரிந்த குடும்பம் ஒன்றின் 2003 மாடல் பெட்ரோல் காரைச் சொல்கிறேன். கணவருக்கு விமான நிலையத்தில் விடிகாலை நாலு மணி ஷிப்ட். அந்த நேரத்துக்கு டிராம் கிடையாது. கார் இல்லையென்றால் வேலையே சிக்கல். ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, பெட்ரோல் வாடை அடித்தது, மஞ்சள் விளக்கும் எரிந்தது. கராஜ் ஒன்றில் சென்சாரும் கம்ப்யூட்டரும் மாற்ற வேண்டும் என்று 1,400 பிராங்க் எழுதிக் கொடுத்தார்கள். காரைவிட செலவு பெரிசு, ஸ்கிராப்புக்குப் போட்டுடலாம் என்று பேச்சு. சோதனைக்கு இன்னும் மூன்றே வாரம்.

ரீடரில் வந்த எண் பி0118, அதாவது கூலன்ட் வெப்பநிலை சென்சாரின் வோல்டேஜ் அதிகம். நேரலை அளவைத் திறந்தால் மைனஸ் 40 டிகிரி! வெளியே 15 டிகிரி வெயில். இந்த சென்சாரில் குளிர் கூடக் கூட மின்தடை ஏறும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். அதைக் கம்ப்யூட்டர் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். ஆக, மைனஸ் 40 என்றால் பெரும்பாலும் எங்கேயோ இணைப்பு விட்டுப்போச்சு என்று பொருள்.

சென்சாரா, வயரா? பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தோம். வயர் சரியாக இருந்தால் அளவு நூறு டிகிரிக்கு மேல் தாவ வேண்டும். தாவவில்லை, மைனஸ் 40-லேயே நின்றது. அப்போ சென்சார் மேல் பழி போட முடியாது. பிளக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, ரப்பர் உறைக்குள் செம்பு பச்சை பிடித்து அறுந்திருந்தது. துண்டு வயர் போட்டு ஈயம் வைத்ததும் அளவு 16 டிகிரிக்கு வந்தது. (இந்த பேப்பர் கிளிப் வித்தை இரண்டு வயர் வெப்பநிலை சென்சாருக்கு மட்டும். வேறு எதிலும் செய்து பார்க்காதீர்கள்.) கோளாறு எண்ணை அழித்தோம், திரும்ப வரவில்லை. எண்ணை மட்டும் அழித்துவிட்டு சோதனைக்குப் போகலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. பழுது இருந்தால் சில ஓட்டங்களில் விளக்கு மறுபடி வந்தே தீரும்.

ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நாலைந்து எண்கள் வந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12-க்குப் பக்கம் என்றால் காலி. ஓடும்போது ஏறத்தாழ 14 வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். ஜெனீவாவின் 'பீஸ்' காற்று பேட்டரிக்கு எமன். 2005 ஜனவரியில் வெர்சுவா ஏரிக்கரையில் கார்கள் பனிக்கட்டியால் மூடிக் கிடந்த படங்கள் ஞாபகம் இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: 2014 முதல் சுவிஸில் பகலிலும் விளக்கு போட்டுத்தான் ஓட்ட வேண்டும். பழைய கார்களில் அது தானாக எரியாது, நாம் போடணும். மிக்ரோவில் சாமான் வாங்கும் அவசரத்தில் அணைக்க மறந்தால் பேட்டரி கோவிந்தா.

அடுத்து எர்த் வயர். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அதன் போல்ட்டைத் தின்றுவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கழற்றித் தேய்த்து மாட்டணும். ஏ.பி.எஸ். விளக்குக்கும் இந்த உப்பு பல தடவை காரணம். சக்கரத்தின் பக்கத்திலுள்ள சென்சாரில் துரு ஏறும், அதன் வயர் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி மடங்கி அறும்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர்தான் போடணும். 10-க்கு 20 போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும்.

ஏர்பேக் விளக்குக்கு மட்டும் கை வைக்கவே வேண்டாம். சீட்டுக்கடியில் தெரியும் மஞ்சள் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்தால் ஏர்பேக் வெடிக்கக்கூடும். அதே விளக்கோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுவதும் சரியில்லை, விபத்தில் அது விரியாமல் போகலாம். ஹைபிரிட் காரின் ஆரஞ்சு கேபிளும் அப்படியே. இவை கராஜ் வேலை.

கராஜுக்குப் போகும்போது மூன்று பிரெஞ்சு வார்த்தை கைகொடுக்கும். எஞ்சின் விளக்கு 'வுவாயான் மோத்தேர்', எர்த் 'மாஸ்', மதிப்பீடு 'தெவி'. கோளாறு எண்ணைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். சென்சார் மாற்றணும் என்றால், வயரைச் சோதித்தீர்களா, எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். தெவியை எழுத்தில் வாங்குங்கள், கையெழுத்தை வீட்டுக்கு வந்து யோசித்துப் போடலாம்.