கெந்திங் மலைக்குக் குடும்பத்தோடு: பணம் எங்கே கரைகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பல வீடுகளில் பிள்ளைகள் முதலில் கேட்பது கெந்திங் மலையைத்தான். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம், சுவெட்டர் போட வைக்கும் குளிர், கேபிள் கார், விளையாட்டுப் பூங்கா என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. தோட்டத்திலிருந்து வேன் பிடித்துப் போகும் குடும்பங்களும் உண்டு, பட்டணத்திலிருந்து காரில் ஏறும் குடும்பங்களும் உண்டு. போகும்போது இருக்கும் மகிழ்ச்சி, திரும்பி வந்து பணப்பையைத் திறக்கும்போது பலருக்கு இருப்பதில்லை. "அறை மலிவாகத்தானே கிடைத்தது, பணம் எங்கே போனது?" என்ற கேள்விதான் மிஞ்சுகிறது.

அதற்கான பதில் அந்த இடம் இயங்கும் விதத்தில் இருக்கிறது. டான் ஸ்ரீ லிம் கோ தோங் 1965-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் அது. பகாங், சிலாங்கூர் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் காட்டை வெட்டிச் சாலை போட்டு, 1971-இல் முதல் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இன்று அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் விடுதியில் மட்டும் 7,351 அறைகள். அறைகளின் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய விடுதி என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது அது. நாட்டில் உரிமம் பெற்ற ஒரே கேசினோவும் அந்த மலையில்தான் இருக்கிறது. அறை வாடகை ஒன்றை மட்டும் நம்பி நடக்கும் வியாபாரம் அல்ல அது. மேலே வந்தவர் சாப்பாட்டிலும் கடைகளிலும் கேசினோவிலும் செலவு செய்வார் என்ற கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. அறை மலிவாகக் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பயணமும் மலிவாக முடிந்துவிடாது.

ஒரு நாள் கூலியே அளவுகோல்

செலவை ரிங்கிட்டில் மட்டும் பார்க்காமல், எத்தனை நாள் உழைப்பு என்று பார்த்தால் கணக்கு தெளிவாகும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்தில் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 65 ரிங்கிட்.

இப்போது ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் மேலே ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு 25 ரிங்கிட் அளவில் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். உணவின் விலை 125 ரிங்கிட். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் தனி. மொத்தம் 145 ரிங்கிட் ஆகிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு நாள் கூலிக்கு மேல் போய்விட்டது. இரண்டு நாள் தங்கினால் இப்படி நான்கைந்து வேளை வரும்.

உட்காருவதற்கு முன் அந்தக் கூட்டல் குறிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது. கவுண்டரில் பணம் கட்டி, தட்டை நாமே எடுத்துவந்து சாப்பிடும் இடங்களில் பொதுவாகச் சேவைக் கட்டணம் இருக்காது.

எந்த நாளில் போவது

அறை வாடகை நாளுக்கு நாள் மாறும். ஒரே அறை செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை வேறு விலை. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, ஆண்டிறுதி ஆகிய காலங்களில் விலை ஏறும். நம் நாட்டு விடுமுறையோடு சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையும் சேரும் ஜூன், டிசம்பர் மாதங்களில் கூட்டமும் அதிகம். விடுமுறையில்தான் போக முடியும் என்றால், ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். சனிக்கிழமை இரவைத் தவிர்ப்பதே பெரிய மிச்சம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அதைவிடச் சிக்கனமான வழி, தங்காமல் திரும்புவது. காலையில் ஏறி மாலையில் இறங்கினால் அறை வாடகையே இல்லை. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மலையின் பாதி வழியில் உள்ள கோ தோங் ஜெயா பக்கமும் விலை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எதில் ஏறுவது

தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்குப் பேருந்துதான் சிக்கனம். கே.எல். சென்ட்ரலிலிருந்தும், கோம்பாக் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்தும் கெந்திங்கிற்கு விரைவுப் பேருந்துகள் உண்டு. தஞ்சோங் மாலிம், பத்தாங் காலி, ரவாங், கிள்ளான், நீலாய், சிரம்பான் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் கே.டி.எம். கொமுட்டர் இரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு வந்து அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். மாதம் 50 ரிங்கிட்டுக்கு 'மை50' அட்டை வைத்திருப்பவர் கோம்பாக் வரை எல்.ஆர்.டி.யில் கூடுதல் செலவின்றிப் போய்விடலாம். அந்த அட்டை கொமுட்டர் இரயிலுக்குச் செல்லாது என்பதை மறந்துவிடக் கூடாது.

பேருந்து டிக்கெட்டை எடுக்கும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிட வேண்டும். விடுமுறை நாட்களில் மாலைப் பேருந்துகள் நிரம்பிவிடும். இடம் கிடைக்காமல் மலை உச்சியிலிருந்து வாடகைக் கார் பிடிப்பவர், அதுவரை மிச்சம் பிடித்த அத்தனையையும் ஒரே பயணத்தில் கொடுத்துவிட நேரும்.

நான்கைந்து பேர் என்றால் கணக்கு மாறும். ஐந்து பேருந்து டிக்கெட், ஐந்து கேபிள் கார் டிக்கெட், அவை இரண்டும் போக வர என்று கூட்டிப் பார்த்தால் சொந்தக் காரே மலிவாக வரலாம். கோலாலம்பூரிலிருந்து போக வர நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மலையேற்றத்தையும் சேர்த்தால் சிறிய காருக்குச் சுமார் பத்து லிட்டர் பெட்ரோல் ஆகும். அதோடு காராக் நெடுஞ்சாலையின் கோம்பாக் டோல், மேலே கார் நிறுத்தும் கட்டணம். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, டிக்கெட் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

பிள்ளைகளுக்குக் கேபிள் கார் ஆசை இருந்தால் அவானா நிலையத்தில் ஏறலாம். கண்ணாடித் தரை உள்ள பெட்டிக்குக் கட்டணம் அதிகம், சாதாரணப் பெட்டிக்குக் குறைவு. இரண்டிலும் தெரிவது அதே மலைதான். வழியில் சின் சுவீ கோயில் நிலையத்தில் இறங்கி, கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறலாம். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே சைவ உணவும் கிடைக்கும். கேபிள் கார் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாட்களும் உண்டு என்பதால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது

மலிவு என்பதற்காக உரிமம் இல்லாத வேனில், இருக்கைக்கு மேல் ஆளை ஏற்றிக்கொண்டு போவது ஆபத்து. வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாத வாகனம் விபத்துக்குள்ளானால் காப்புறுதி இழப்பீடு கிடைப்பதும் சிக்கலாகிவிடும். 2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி, கெந்திங்கிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. காரில் போகிறவர்கள் பிரேக், டயர் இரண்டையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் குறைந்த கியரில் இறங்க வேண்டும். ஆட்டோ கியர் காராக இருந்தாலும் கீழ் கியரை மாற்றிப் போடும் வசதி அதில் உண்டு.

சாப்பாடு: வீட்டுக் கைப்பக்குவமே துணை

மலையில் குளிர் இருப்பதால் கட்டுச்சோறு சீக்கிரம் கெட்டுப்போகாது. புளிச்சோறு, சப்பாத்தி, நெத்திலி சம்பலோடு நாசி லெமாக் என்று முதல் நாள் இரண்டு வேளைக்குக் கட்டிக்கொண்டு போனால், மேலே சொன்ன கணக்கில் சுமார் 290 ரிங்கிட் மிஞ்சும். நான்கு நாள் கூலிக்கு மேல். சமைக்க நேரம் இல்லாதவர்கள், கே.எல். சென்ட்ரலில் பேருந்து ஏறுமுன் பக்கத்திலேயே இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் தாப்பாவ் செய்துகொள்ளலாம். காரில் போகிறவர்கள் கோ தோங் ஜெயாவில் உள்ள உணவகங்களில் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். பொதுவாக உச்சியைவிடக் கீழே விலை குறைவு.

சுடுதண்ணீர்க் குடுவை ஒன்று, மைலோ பொட்டலம், பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல் ஆகியவை பையில் இருந்தால், குளிரில் பிள்ளைகள் சூடாக ஏதாவது கேட்கும் ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சுவெட்டரையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும். மறந்துபோய் மேலே வாங்குவது தேவையில்லாத செலவு. விளையாட்டுப் பூங்காவுக்குள் வெளி உணவை அனுமதிக்கிறார்களா என்பதை மட்டும் டிக்கெட் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லையென்றால் உள்ளே போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம்.

'இலவசம்' எங்கிருந்து வருகிறது

சாப்பாட்டிலும் பயணத்திலும் இப்படிப் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்த பணம், ஒரே இரவில் கரையும் இடம் ஒன்று உண்டு. கேசினோவுக்குள் முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி இல்லை. ஆகவே மனைவியும் பிள்ளைகளும் வெளியே காத்திருக்க, "சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அப்பா மட்டும் உள்ளே போவது பழகிப்போன காட்சி.

உறுப்பினர் அட்டை எடுத்து விளையாடினால் புள்ளிகள் சேரும், அறை இலவசம், சாப்பாடு இலவசம் என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இலவசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ரூலெட் சக்கரமே சாட்சி. பூஜ்யம் முதல் 36 வரை அதில் 37 கட்டங்கள். எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொரு ரிங்கிட் வைத்தால் செலவு 37 ரிங்கிட். வெல்லும் எண்ணுக்கு 35 ரிங்கிட்டும், வைத்த ஒரு ரிங்கிட்டும் திரும்பும். மொத்தம் 36. யார் வென்றாலும் ஒரு ரிங்கிட் மேசைக்கு. அதாவது 2.7 விழுக்காடு. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் அது 5.26 விழுக்காடு.

ஒருவர் சுற்றுக்கு 10 ரிங்கிட், மணிக்கு 40 சுற்று, ஐந்து மணி நேரம் ஆடினால், மேசையில் வைத்து எடுத்த பணம் 2,000 ரிங்கிட். சராசரி இழப்பு 54 ரிங்கிட், இரண்டு பூஜ்யச் சக்கரத்தில் 105 ரிங்கிட். உலகெங்கும் கேசினோக்கள் இந்தச் சராசரி இழப்பைக் கணக்கிட்டு, அதில் ஒரு பகுதியைத்தான் சாப்பாடாகவும் அறையாகவும் திருப்பிக் கொடுக்கின்றன. இலவசச் சாப்பாடு என்பது தோற்ற பணத்தில் கொஞ்சம் திரும்புவதே. அதுவும் சராசரிக் கணக்குதான். கெட்ட இரவு ஒன்றில் கையில் இருந்த அத்தனையும் போகும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அடுத்த பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறவருக்கு இன்னும் வேகமாகப் போகும். உறுப்பினர் அட்டையால் நன்மையே இல்லை என்பதல்ல. எப்படியும் செய்யப்போகும் அறை, உணவுச் செலவுக்குப் புள்ளி கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். புள்ளிக்காகச் செலவு செய்வதுதான் நஷ்டம்.

சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் ஒரு நாள் நுழைய 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கே சட்டத்தில் வழி உண்டு. கெந்திங்கில் அப்படிப்பட்ட நுழைவு வரி இல்லை. தடுப்புச் சுவரைக் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

புறப்படும் முன்தினம்

அந்தச் சுவர் எழும்ப வேண்டிய இடம் வீட்டுச் சமையலறை மேசை. புறப்படும் முன்தினம் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, பயணம், அறை, சாப்பாடு, பிள்ளைகளின் விளையாட்டு, அவசரம் என்று ஐந்து உறைகளில் பணத்தைப் பிரிக்கலாம். கேசினோவுக்குள் போயே தீருவேன் என்பவருக்கு ஆறாவது உறை. திரும்பி வராது என்று மனதார ஒப்புக்கொள்ளும் தொகை மட்டுமே அதில் இருக்க வேண்டும். வங்கி அட்டையும் கைப்பேசியில் உள்ள மின்பணப்பையும் உள்ளே போகாதவர் கையில் இருக்கட்டும். கூட்டு கட்டிச் சேர்த்த பணம், பிள்ளையின் பள்ளிப் பணம், கடன் வாங்கிய பணம் ஆகியவை எந்த உறையிலும் சேரக் கூடாது.

ஏற்கெனவே சூதாட்டக் கடனில் சிக்கியிருப்பவர்கள் ஆலோங்கிடம் போய் ஒரு கடனை இன்னொரு கடனால் அடைக்க வேண்டாம். பேங்க் நெகாராவின் ஏற்பாட்டில் அமைந்த ஏ.கே.பி.கே. நிறுவனம், வங்கிக் கடன்களைச் சீரமைக்கவும் குடும்பச் செலவைத் திட்டமிடவும் இலவசமாக ஆலோசனை தருகிறது. வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்து வைத்திருப்பதைவிட அங்கே போய்ப் பேசுவது மேல்.

குளிர்காற்றுக்கும் பனிமூட்டத்துக்கும் கெந்திங்கில் கட்டணம் இல்லை. கோயில் படிக்கட்டில் நின்று மேகம் நகர்வதைப் பார்க்கவும் கட்டணம் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியதும் கட்டுரையில் எழுதப்போவதும் அவற்றைப் பற்றித்தான். அந்தக் கட்டுரை எழுத நோட்டுப் புத்தகம் வாங்கும் பணம், மலையிலிருந்து இறங்கும்போது அவசர உறையில் அப்படியே இருந்தால், அந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தது என்று பொருள்.